பப்பாளி கொடுக்காதே

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். கொலம்பியா போய் வந்தேன் என்றால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பயமாக இல்லையா?" பயந்துகொண்டுதான் போனேன். போதாக்குறைக்குக் கூடவே அத்தை. வயது அறுபத்தெட்டு, பிறந்து வளர்ந்தது சுவாமிமலை. தலைநகர் பொகோட்டாவில் எனக்கு மூன்று நாள் வேலை, அப்புறம் ஐந்து நாள் விடுப்பு. "தனியாகத்தானே போறே, நானும் வரேன்" என்றார். வந்துவிட்டார்.

முதலில் ஊரின் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். பொகோட்டா நகரமே ஏறக்குறைய 2,640 மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியைத் தட்டையாக்கி, அங்கே எண்பது லட்சம் பேரைக் குடிவைத்த மாதிரி. ஊரை ஒட்டிய மலையில் தைல மரங்கள்கூட உண்டு. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். அதனால் அத்தையின் நடைதான் என் நடையும்.

விடுதிப் பெண் முதல் நாளே ஒரு பழமொழி சொன்னார்: "நோ தார் பப்பாயா." பப்பாளி கொடுக்காதே என்று அர்த்தம். கையில் போனை ஆட்டிக்கொண்டு, பையைத் திறந்து போட்டுக்கொண்டு நடந்தால், திருடனுக்கு நீயே பப்பாளியை நறுக்கி நீட்டுகிறாய் என்பது கருத்து. சரி, போன் சட்டைக்குள் போய்விட்டது. போன் இல்லாவிட்டால் எனக்குத் திசையே தெரியாது.

அந்தப் பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். மலை கிழக்கே. மலைக்கு இணையாக ஓடும் தெரு கர்ரேரா, மலையிலிருந்து இறங்கி வரும் தெரு காயே. பெரும்பாலும் பெயர் கிடையாது, எண்தான். தங்க அருங்காட்சியகத்தின் விலாசம் 'கர்ரேரா 6, எண் 15-88'. ஆறாம் கர்ரேராவில், பதினைந்தாம் காயே முனையிலிருந்து சுமார் 88 மீட்டர் தள்ளி என்று அந்த விலாசமே வழி சொல்லிவிடுகிறது. "மலையைப் பார்த்து நின்னா இடது கை வடக்கு. வடக்கே போகப் போகக் காயே நம்பர் கூடும். அவ்வளவுதானே?" என்றார் அத்தை. காவிரியை வைத்துத் தென்கரை, வடகரை என்று வழி சொல்லிப் பழகியவருக்கு அது பெரிய விஷயமில்லை. அதன்பிறகு ஐந்து நாளும் அவர்தான் முன்னால் போனார்.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் தேடிப் போவது ஒரு தங்கத் தெப்பத்தை. ஒரு சாண்கூட இல்லை. 1969-இல் பாஸ்கா என்ற ஊருக்குப் பக்கத்துக் குகையில், மண்பானைக்குள் கிடைத்தது. நடுவில் பெரிய உருவம் தலைவன். சுற்றிலும் சின்னச் சின்ன ஆட்கள். உடம்பெல்லாம் பொற்தூள் பூசிய தலைவன் குவாத்தாவித்தா ஏரிக்குள் தெப்பத்தில் போய்த் தங்கத்தைக் காணிக்கையாகப் போட்டான் என்பது கதை. 'எல் தொராதோ' என்றால் பொன் பூசியவன் என்று பொருள். ஆளின் பெயரை ஊரின் பெயராக்கி, அந்தத் தங்க ஊரைத் தேடித்தான் ஸ்பானியர்கள் காடு மேடெல்லாம் அலைந்தார்கள்.

நான் இந்தக் கதையைப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அத்தை காதில் வாங்கவே இல்லை. கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து நின்றார். "இது செதுக்கினது இல்லடா. மெழுகை நூலா உருட்டி ஒட்டியிருக்கான். மேல மண்ணு பூசிச் சுட்டு, மெழுகை ஓடவிட்டு, உலோகத்தை ஊத்தியிருக்கான். வார்த்தப்புறம் ராவக்கூட இல்ல பாரு." ஸ்தபதிகள் வீட்டுத் திண்ணையில் விளையாடி வளர்ந்தவர் அவர். அப்புறம் விளக்கப் பலகையைப் படித்தேன். மெழுகு வார்ப்புதான். அந்தத் தெப்பத்தைச் செய்த முயிஸ்கா பழங்குடி மக்கள் தங்கள் காணிக்கைப் பொருள்களைப் பெரும்பாலும் மெருகேற்றாமல்தான் விட்டார்களாம். சுவாமிமலைக்கும் முயிஸ்காவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, தயவுசெய்து யாரும் கட்டுரை எழுதிவிடாதீர்கள். மெழுகு எங்கேயும் உருகும், அவ்வளவுதான்.

மொன்செராத்தே மலைக்கும் போனோம். 3,152 மீட்டர். மேலே ஒரே மேகம், ஊரே தெரியவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பலோகெமாவோ சந்தையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஒரு கடையில் பழுப்புக் கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அத்தை நகத்தால் சுரண்டி, முகர்ந்து, "வெல்லம்டா!" என்றார். வெல்லமேதான். அங்கே பெயர் பனேலா. கரும்புச்சாறைக் காய்ச்சி அச்சில் ஊற்றியது. அதைச் சுடுநீரில் கரைத்து, அதற்குள் பாலாடைக்கட்டியைப் போட்டுக் குடிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது. அத்தை பாலாடைக்கட்டியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுக் குடித்தார்.

அடுத்த கடையில் உச்சுவா. காகிதக் கூட்டுக்குள் மஞ்சள் பழம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நம் வேலியோரத்துச் சொடக்குத் தக்காளியின் பெரிய அக்கா. அத்தை காய் ஒன்றைக் கூட்டோடு எடுத்துத் தன் நெற்றியிலேயே 'டப்'பென்று அடித்தார். கடைக்காரப் பெண்மணி ஒரு கணம் திகைத்து, பிறகு தானும் ஒன்றை எடுத்து அடித்துக்கொண்டார். அப்புறம் நிறுத்துப் போட்ட பழத்தின்மேல் இன்னொரு கை அள்ளிப் போட்டு, "ஞாப்பா, சுமெர்சே" என்றார்.

ஞாப்பா என்றால் கொசுறு. ஆண்டீஸ் மலைப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்த சொல். சுமெர்சே என்பது 'தங்கள் கருணை' என்ற பழைய மரியாதை விளி தேய்ந்தது. இப்போது பெரியவரையும் அப்படிக் கூப்பிடுவார்கள், ஆசையான ஆளையும் அப்படிக் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் அன்று ராத்திரி தேடித்தான் நான் தெரிந்துகொண்டேன். அத்தையோ ஒரு வார்த்தை ஸ்பானியம் தெரியாமல், அந்த இடத்திலேயே "கொசுறு போடறா, பையை விரி" என்று சொல்லிவிட்டார்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. 1974-இலிருந்து அங்கே ஒரு வழக்கம். ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை, 120 கிலோமீட்டருக்கு மேல் சாலைகளில் காருக்கு இடமில்லை. சைக்கிள், சக்கரக் காலணி, நாய், தள்ளுவண்டிக் குழந்தை, எல்லாம் நடுச்சாலையில். ஏழாம் கர்ரேராவில் புடவைக்கு மேல் என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சரியாக நடுக்கோட்டின் மேலேயே நடந்தார் அத்தை. "மாமாங்கத்துக்குத்தான் இப்படி நடு ரோட்டுல நடந்திருக்கேன். இவங்களுக்கு வாராவாரமா?" என்றார்.

பிளாஸ்க்கில் கட்டங்காப்பி விற்றுக்கொண்டு வந்தவரிடம் இரண்டு வாங்கினோம். அத்தை கோப்பையை நீட்டி, தன் வாழ்வின் முதல் ஸ்பானியச் சொல்லைச் சொன்னார்: "ஞாப்பா?"

அவர் சிரித்துக்கொண்டே கோப்பை நிறைய ஊற்றினார்.