கதைப்பாடலை வரலாறா எடுத்துக்கலாமா? பாடுறவர்கிட்ட எப்படிப் பதிவு பண்றது?

ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "கட்டபொம்மன், ஊமைத்துரை, தேசிங்கு ராஜன் கதைப்பாடல்களை வரலாற்று ஆதாரமா எடுக்கலாமா? எங்க பக்கம் பாடுற பெரியவர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட எப்படிப் பதிவு பண்றது?"

எடுக்கலாங்க. எதுக்கு ஆதாரமா எடுக்கிறோம்னு முதல்ல தெளிவா இருக்கணும். தேதிக்கும் படைக்கணக்குக்கும் பாட்டை நம்பாதீங்க. ஆயிரம் குதிரைன்னு வந்தா, அது ஓசைக்காக விழுந்த எண்ணா இருக்கும். கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டது 1799 அக்டோபர் 16-ங்கிறதுக்குக் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, ஆவணம் இருக்கு. போருக்குக் கிளம்பும்போது கெட்ட கனவு வர்றது, சகுனம் தடுக்கிறது, இதெல்லாம் பல கதைப்பாடல்ல பொதுவா வரும். அதை வெச்சு ஒரு வீரனோட வாழ்க்கையை எழுதக்கூடாது.

ஜனங்க ஒருத்தரை எப்படி மனசுல வெச்சிருந்தாங்கங்கிறதுக்குப் பாட்டை விடப் பெரிய சாட்சி கிடையாது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714-ல ஆற்காட்டு நவாப் படையோட மோதி இறந்தார். பாட்டுல அவரோட தோழன் மோவுத்துக்காரன் கல்யாணத்தை விட்டுட்டு சண்டைக்கு ஓடி வர்றான். ராஜாவுக்காக ஒரு முஸ்லிம் தோழன் உயிரைக் கொடுத்தான்ங்கிறதைப் பாடகர்கள் தலைமுறை தலைமுறையா விடாம பாடியிருக்காங்களே, அது சாதாரண விஷயமா?

சில இடத்துல எதிரி எழுதி வெச்சதும் கைகொடுக்கும். 1801 பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில கும்பினிப் பக்கம் நின்ன வெல்ஷ்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி, பின்னாடி தன் நினைவுக்குறிப்புல கட்டபொம்மனோட தம்பி, பேச்சு வராத ஊமைத்துரையைப் பத்தி வியந்து எழுதியிருக்கார். உள்ளங்கையில சின்னச் சின்ன வைக்கோல் துரும்பை வெள்ளைக்காரப் படையா அடுக்கி, அதை அப்படியே தள்ளி விட்டு, வாயால ஒரு சத்தம் கொடுப்பாராம். அதுதான் தாக்குங்கிற உத்தரவு. சண்டை போட்டவனே இப்படி எழுதும்போது, ஊமைத்துரை மேல ஜனங்களுக்கு இருந்த பக்தி பாடகன் கட்டிவிட்டதுன்னு யாரும் சொல்ல முடியாது.

இப்ப பதிவு. முதல் தடவை முழுசா பாட விடுங்க, நடுவுல கேள்வி கேக்காதீங்க. ஒவ்வொரு வரியா சொல்லச் சொன்னா நிறைய பேருக்கு அடி மறந்து போகும், ஏன்னா பாட்டு அவங்களுக்கு மெட்டோடதான் ஞாபகத்துல இருக்கு. உடுக்கையோ குடமோ கூட இருந்தா போனை அது பக்கத்துல வைக்காதீங்க, தாளம் சொல்லை முழுங்கிடும். பாடுறவர் வாய்க்கு நேரா ஒரு முழ தூரத்துல வைங்க. வேற ஒரு நாள் போய், பதிவைப் போட்டுக் காட்டி, புரியாத சொல்லுக்கும் ஊர்ப் பேருக்கும் விளக்கம் கேளுங்க.

எழுதும்போது தயவுசெஞ்சு திருத்தாதீங்க! அதிகமா கெட்டுப்போறது இங்கதான். வட்டார உச்சரிப்பை நூல் தமிழாக்கினா எதுகை உடையும். திரும்ப வர்ற வரியை வெட்டினா, பாடகர் அடுத்த அடியை யோசிக்க எடுத்துக்கிற இடமே காணாமப் போயிடும். பின்பாட்டுக்காரர் போடுற "ஆமாம்"-ஐயும் எழுதுங்க. சினிமா வசனம் கலந்திருந்தா அதையும் அப்படியே வெச்சு, பக்கத்துல குறிப்பு போடுங்க. யார்கிட்ட கத்துக்கிட்டார், எந்தக் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) பாடுவார், எந்த ஊர், எந்தத் தேதின்னு தாள்ல முதல்லயே எழுதிடுங்க. வெளியில போடுறதுக்கு அவர் சம்மதத்தையும் அந்தப் பதிவுலயே அவர் குரல்ல வாங்கிக்கோங்க.