முதல் கார்: காசு குறைய, வேகம் கூட. கொழும்பில் எதை வாங்குவது?

[காட்சி: மரைன் டிரைவ், இரவு ஒன்பதரை. பின்னால் சைலன்சர் சத்தம்.]

இந்தச் சத்தம் கேட்கிறதா? வெள்ளவத்தை மரைன் டிரைவ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கட்டுக்குருந்தை ரேஸ் தடத்தில் நிற்பது போல இருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தால் அந்த வெள்ளைக் கார் நாற்பதைத் தாண்டவில்லை. முன்னால் ஒரு முச்சக்கர வண்டி, அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கும் முன்னால் சோளம் விற்கிற தள்ளுவண்டி.

போன மாதம் என் சித்தியின் மகன் எனக்கு வட்ஸ்அப்பில் ஏழு கார் விளம்பரங்கள் அனுப்பினான். வயது 19. ஏ.எல். முடிந்துவிட்டது, வேரஹெரவில் லைசன்சும் எடுத்துவிட்டான். கீழே ஒரே ஒரு வரி: "அண்ணா, இதில எது மலிவு, எது ஸ்பீட்?" சித்தப்பாவிடம் கேட்டால் அவர் சொல்வது வேறு: "பாதிக் காசு நான் தருவேன். ஆனால் அவன் கேட்கிற சாமான் மட்டும் வேண்டாம்." இரண்டு பேருக்கும் நடுவில் நான். அந்த ஏழில் மூன்றை நேரில் போய்ப் பார்த்தோம். அதுதான் இந்த வீடியோ.

[காட்சி: வெள்ளைப் பலகை, மார்க்கர்.]

முதலில் வேகம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கொழும்புக்குள் காருக்குச் சட்டம் தருகிற வேகம் 50. ஊர் தாண்டினால் 70. அதிவேகப் பாதையில் ஏறினால் 100. நீங்கள் தினமும் ஓடப்போவது முதலாவதற்குள். அப்படியென்றால் 180 ஓடும், 200 ஓடும் என்ற கதையெல்லாம் காலி வீதியில் ஒரு சதத்துக்குப் பயன்படாது. சிக்னல் விழுந்ததும் எவ்வளவு சுறுசுறுப்பாக எழும்புகிறது, வளைவில் எப்படி நிற்கிறது, பிறேக் மிதித்தால் எங்கே நிற்கிறது, இந்த மூன்றும்தான் நமக்குத் தெரிகிற வேகம்.

எழும்புவதற்குக் குதிரைவலு மட்டும் போதாது, அது எவ்வளவு கனத்தை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் எத்தனை குதிரை என்று கணக்குப் போடுவோம்.

பழைய மாருதி 800. 37 குதிரை, ஏறத்தாழ 650 கிலோ. நூறு கிலோவுக்கு ஆறுகூட வராது. ஜப்பான் அல்டோ, 2015 மொடல், 52 குதிரை, அதே 650 கிலோ அளவு. எட்டு வருகிறது. ஒரு லீற்றர் விட்ஸ், முதல் தலைமுறை, 70 குதிரை, அதுவும் எட்டுச் சொச்சம். 110 கொரோலா 1500 சிசி என்றால் 100 குதிரை, ஆனால் கனம் ஆயிரம் கிலோவுக்கு மேல், பத்துக்குக் கிட்ட. இப்போது பையன்களின் கனவு, ஹொண்டா சிவிக் ஈகே3, வீடெக் எஞ்சின். 130 குதிரை, ஆயிரத்துச் சொச்சம் கிலோ, 12 வருகிறது. சரி, கடைசியாக ஒன்று. டொயோட்டா ஸ்டார்லெட் ஈபி82, 1300 சிசி, ஜப்பான் கணக்கில் 100 குதிரை. கனம் 800க்குள்.

13.

[காட்சி: 13ஐச் சுற்றி வட்டம்.]

அம்மம்மாக்கள் சந்தைக்குப் போன அந்தச் சின்னக் கார் சிவிக்கை முந்துகிறது, காகிதத்தில் என்றாலும். இன்னொன்று, வீடெக்கின் முழு உதையும் எஞ்சினை நன்றாக முறுக்கினால்தான் வரும். தெஹிவளைச் சந்திக்கும் வெள்ளவத்தைச் சந்தைக்கும் நடுவில் எங்கே முறுக்கப்போகிறீர்கள்?

என் பேச்சு இதுதான்: முதல் கார் கனம் குறைந்ததாக, மெனுவல் கியராக இருக்கட்டும். மெனுவலில் மூன்றாம் கியரை நீங்களே பிடித்து வைத்திருக்கலாம், சின்ன எஞ்சினும் உயிரோடு இருப்பது போல இருக்கும். பழைய ஓட்டோ கியர்பொக்ஸ் பழுதானால் வருகிற செலவும் தலைக்கு மேல்.

[காட்சி: தெஹிவளை, ஒரு ஒழுங்கை. பதித்த சிவிக்.]

முதலாவது, தெஹிவளை சிவிக். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு பதித்திருந்தார்கள். ஒழுங்கைக்குள் இருந்த வேகத்தடையில் அடி உரசாமல் ஏற முடியவில்லை. உரிமையாளர் நல்ல மனிதர், தேத்தண்ணி எல்லாம் தந்தார். "டைமிங் பெல்ட் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். அவருக்கு முதல் வைத்திருந்தவர் மாற்றியிருப்பாராம்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு இருபது வயதில் ஒரு ஜப்பான் செடான் வாங்கினேன். எஞ்சினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் நேரம் தவறாமல் ஓட வைக்கிற அந்தப் பெல்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மூன்றாவது மாதம் பம்பலப்பிட்டியில், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், "டக்" என்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் போட்டால் தையல் மெஷின் போல லேசாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெல்ட் அறுந்து, பிஸ்டன் போய் வால்வுகளை வளைத்திருந்தது. எஞ்சின் தலையைக் கழற்றி வேலை செய்த செலவு, கார் விலையில் மூன்றில் ஒன்று. பின்னால் நின்ற பஸ்காரர் அடித்த ஹோர்ன் இன்னும் காதில் இருக்கிறது.

சில எஞ்சின்களில் ரப்பர் பெல்ட், சிலவற்றில் இரும்புச் செயின். அந்த சிவிக்குக்கும் ஸ்டார்லெட்டுக்கும் பெல்ட். நிஸ்ஸான் சன்னி எஃப்பீ14, ஒரு லீற்றர் விட்ஸ், இவற்றுக்குச் செயின். பெல்ட் என்றால் மாற்றிய பில் கையில் இல்லாத வரைக்கும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

[காட்சி: வத்தளை. சிவப்பு ஸ்டார்லெட்.]

இரண்டாவது, வத்தளையில் ஒரு ஸ்டார்லெட். தம்பிக்கு முகமெல்லாம் வெளிச்சம். பொனட்டைத் திறந்தால் டர்போ! ஹாஃப் கட்டில், அதாவது பாதியாக வெட்டி இறக்கிய இன்னொரு காரில் இருந்து எடுத்துப் போட்ட எஞ்சின். நான் சீ.ஆரை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழைக் கேட்டு எஞ்சின் இலக்கத்தை ஒப்பிட்டேன். காகிதத்தில் ஒன்று, இரும்பில் இன்னொன்று. எஞ்சின் மாற்றுவது குற்றமில்லை, மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால், விபத்து நடந்த அன்று காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான்.

அதை விடுங்கள். நான் செய்த அடுத்த வேலையைக் கவனியுங்கள், இதற்குக் காசும் வேண்டாம், மெக்கானிக் பாஸும் வேண்டாம்.

[காட்சி: சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி வரை இழுக்கும் கை.]

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். நாம் அன்றாடம் இழுக்கிற அளவு வரைக்கும் சுத்தமான சாம்பல் நிறம். அதற்கு அப்பால், உள்ளேயே சுருண்டு கிடந்த பகுதியில், ஒரு மண்ணிறக் கோடு. தண்ணீர் நின்ற மட்டம் அது. சீட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றுகிறவர்கள் அந்தப் பெல்ட்டின் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள். ஸ்பெயார் வீலைத் தூக்கினால் குழிக்குள் பொடி வண்டல். 2016 மே மாதம் களனி கங்கை கரை மீறி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் மூழ்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மறுபடியும். அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் எல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? கழுவி, மணக்க மணக்க ஸ்பிரே அடித்து, விளம்பரத்துக்கு வந்துவிடும். காருக்குள் ஏறியதும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் எனக்கு உடனே சந்தேகம்தான்.

கடற்கரைக் கார்களுக்கு வேறு நோய். மரைன் டிரைவிலும் கல்கிசையிலும் வெளியில் நிற்கிற வண்டிகளை உப்புக் காற்று தின்கிறது. கதவுக்குக் கீழ் விளிம்பு, சில்லுக்கு மேல் வளைவு, இந்த இடங்களில் விரலால் அழுத்துங்கள். பெயின்ட் கொப்பளம் போல எழும்பியிருந்தால் உள்ளே துரு. காந்தம் ஒன்று கொண்டுபோங்கள், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

பார்க்கப் போவதாகச் சொல்லும்போது, "எஞ்சினைச் சூடாக்க வேண்டாம், நாங்கள் வந்து ஸ்டார்ட் பண்ணுகிறோம்" என்றும் சொல்லிவிடுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சுட்டால், ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்: நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் தேத்தண்ணி நிறத்தில் பசை இருந்தால், பெரும்பாலும் ஒயிலுக்குள் தண்ணீர் போகிறது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

[காட்சி: டயரின் பக்கச் சுவர், நெருக்கத்தில்.]

டயரில் நான்கு இலக்கங்கள் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. டயர்ப் பூ, அதாவது மேல் வெட்டு, நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், பழைய ரப்பர் கல்லாகிவிடும். மழை பெய்த முதல் பத்து நிமிடம் காலி வீதி எப்படி இருக்கும் என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 50இல் போகிற கார் ஒரு விநாடிக்கு 14 மீற்றர் போகும், ஒரு பஸ்ஸின் நீளத்துக்கும் மேல். நீங்கள் திடுக்கிட்டு, கால் பிறேக்குக்குப் போக அந்த ஒரு விநாடி செலவாகிவிடும். 70 என்றால் 19 மீற்றர். அதுகூடப் பெரிதில்லை. 50இல் இருந்து 70க்குப் போனால் காருக்குள் இருக்கிற இயக்க சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவ்வளவையும் உங்கள் நான்கு டயரும் பிறேக்கும்தான் தின்ன வேண்டும். வேகம் ஆசை தீர வேண்டும் என்றால் இலங்கையில் தடம் இருக்கிறது, நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் தொடங்கியது, தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் என்ற தடம் உண்டு. அந்த ஃபொக்ஸ் ஹில்லிலேயே 2024 ஏப்ரலில் ஒரு கார் தடத்தை விட்டுப் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள்.

சரி, காசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இருந்த பழைய கார்களுக்கெல்லாம் தங்க விலை வந்தது. அதனால் கையில் 20 இலட்சம் இருந்தால் 16க்கு மேல் காருக்குக் கொடுக்க வேண்டாம். மீதி நான்கு, டயர், பிறேக், ஒயில், பெல்ட், பெற்றரி, காப்புறுதி. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலையக் கூடாது. சாமானுக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் நான்கு கடையில் நான்கு விதமாகத் தருவார்கள். கண்ணாடி, கதவுக் கைப்பிடி எல்லாம் ரீகண்டிஷனில் எடுக்கலாம். பிறேக் பேட் மட்டும் புதிதாக வாங்குங்கள், அதில் பேரம் வேண்டாம்.

பெற்றோலையும் மறக்க வேண்டாம். 2022 ஜூனில் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபா. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். அந்த வரிசையில் பெரிய எஞ்சின்காரர்கள் நின்ற முகம் எனக்கு நினைவிருக்கிறது. மலிவாக ஹைபிரிட் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். மலிவாகக் கிடைப்பதற்குப் பெரும்பாலும் அதன் பெற்றரிதான் காரணம்.

காகிதம்: விற்கிறவர் பெயர்தான் சீ.ஆரில் இருக்கிறதா என்று பாருங்கள். "ஓப்பன் பேப்பர்தான், என் பெயருக்கு மாற்றவில்லை, பிரச்சினை இல்லை" என்றால், பிரச்சினை அதுவேதான். லீசிங் முடிந்திருந்தால் அதற்கான கடிதம், புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். போதும்.

[காட்சி: கொட்டாஞ்சேனை. வெள்ளை நிஸ்ஸான் மார்ச்.]

மூன்றாவது, தம்பி கடைசியாக அனுப்பியது, அதுவும் எண்ணிக்கைக்காக. நிஸ்ஸான் மார்ச் கே11. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் கார். ஒரு லீற்றர் எஞ்சின், டைமிங் செயின், ஐந்து கியர் மெனுவல். ஓட்டோவில் வருகிற பல மார்ச்சில் இருப்பது என்-சிவிடி என்ற படியில்லாத கியர்பொக்ஸ், பழசானால் தலைவலி, அதனால் மெனுவல் கிடைத்தது அதிர்ஷ்டம். இந்த உருவம்தான் ஐரோப்பாவில் மைக்ரா என்ற பெயரில் 1993இல் ஆண்டின் சிறந்த கார் விருது வாங்கியது. நம் பலகைக் கணக்கில் நூறு கிலோவுக்கு ஏழரைதான். ஆசிரியர் ஒரு தடித்த கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். ஒயில் மாற்றிய ஒவ்வொரு திகதியும், கிலோமீற்றரும், நீலப் பேனையில்.

தம்பி முகத்தைச் சுளித்தபடிதான் ஏறினான். ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு சுற்று. முதல் வளைவு, இரண்டாம் கியர், கொஞ்சம் முறுக்கினான். அந்தச் சின்ன எஞ்சின் ஒரு கத்துக் கத்தியது. ஸ்பீடோவைப் பார்த்தேன், 45. அவனைப் பார்த்தேன், பல்லெல்லாம் தெரிகிறது.

விலை பேசி, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்தோம். சித்தப்பா பின் சீட்டில், கூரைக் கைப்பிடியைப் பிடித்தபடி. கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் ஒரு லொறி நின்றது, நாங்களும் நின்றோம். தம்பி கிளச்சை விட்டான், எஞ்சின் நின்றது. மறுபடியும் ஸ்டார்ட், மறுபடியும் நின்றது. பின்னால் முச்சக்கர வண்டிகள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின.

"இதுவா ஸ்பீட்?" என்றார் சித்தப்பா.

"ஹேண்ட் பிறேக்கைப் போடு தம்பி," என்றேன்.