கம்புக்கு அந்தப் பக்கம்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

“கஷ்டப்பட்டு உழைத்தால் எதையும் சாதிக்கலாம்.” இதைக் கேட்காமல் நம் ஊரில் ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்திருக்க முடியாது. ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் சொல்வார். பத்தாம் வகுப்புக்குப் போனதும் சித்தப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அத்தை என்று வரிசையாகச் சொல்வார்கள். பள்ளிச் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக, பிள்ளைகள் சொல்வதுபோல பி.டி. வாத்தியாராக, இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்குப் பழக்கமான உயரம் தாண்டுதலை வைத்தே பேசுகிறேன். அதில் ஒரு வசதி உண்டு. உழைப்புக்கு என்ன கிடைத்தது என்பதைச் சென்டிமீட்டரில் அளந்து பார்த்துவிடலாம்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995-ல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா சரோஜா செங்கல் சுமந்தார், காய்கறி விற்றார், மகனின் வைத்தியத்துக்குக் கடன் வாங்கினார். அந்த மகன் 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம்.

மேடைகளில் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். கைதட்டலும் கிடைத்துவிடும். ஆனால் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதற்கு முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது.

முன்னால் நடந்ததைப் பாருங்கள். அந்தப் பையன் பள்ளியில் கைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பதினாலு வயதில், காலில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தான். இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். பள்ளிக்கூடங்களில் இருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். கால் சரியில்லாத பிள்ளைக்கு விளையாட்டு பீரியட் என்றால் பல இடங்களில் என்ன நடக்கும்? “நீ வகுப்பிலேயே உட்காரு, எல்லோர் பையையும் பார்த்துக்கோ” என்பார்கள். அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குள் எவ்வளவு உழைப்பு இருந்தாலும் அது பைக்குக் காவலாகவே போய்விடும். பெரியவடகம்பட்டிப் பையனை மைதானத்துக்கு வா என்று ஒருவர் கூப்பிட்டார். பிறகு 2013-ல் தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா பார்த்தார். பெங்களூருக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார். அம்மா, ஆசிரியர், பயிற்சியாளர். இந்த மூன்று பேரையும் எடுத்துவிட்டு வெறும் உழைப்பை மட்டும் சொன்னால், பிள்ளைகளிடம் பாதிக் கதையைத்தான் சொல்கிறோம்.

இனி பின்னால் நடந்தது. ரியோவில் மாரியப்பனுக்கு அடுத்து வெள்ளி வாங்கியவர் அமெரிக்காவின் சாம் குரூவி. ஐந்து வருடம் கழித்து, 2021-ல் டோக்கியோவில் இருவரும் மறுபடி மோதினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து தொந்தரவு கொடுத்ததாக மாரியப்பனே பிறகு சொன்னார். இருவரும் 1.86 தாண்டிவிட்டார்கள். கம்பு 1.88-க்கு ஏறியது. இரண்டு பேருமே இரண்டு முறை தட்டிவிட்டார்கள். கடைசி வாய்ப்பான மூன்றாவது முறை குரூவி தாண்டினார், மாரியப்பனால் முடியவில்லை. வெள்ளி. 2024-ல் பாரீசில் 1.85 தாண்டி வெண்கலம். அதே வருடம், பாரீசுக்குக் கொஞ்சம் முன்னால், ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கியிருந்தார்.

1.89, 1.86, 1.85. தங்கம், வெள்ளி, வெண்கலம். சரி, இவர் வரவர உழைப்பைக் குறைத்துக்கொண்டார் என்று யாராவது சொல்ல முடியுமா? அந்தப் பக்கம் குரூவியும் ஐந்து வருடம் உழைத்துக்கொண்டுதானே இருந்தார்? எத்தனை சென்டிமீட்டர் தாண்டுகிறோம் என்பதில் நம் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. எந்தப் பதக்கம் என்பது பக்கத்தில் யார் நிற்கிறார், அன்றைக்கு மழை பெய்கிறதா என்பதையும் பொறுத்தது. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். நாம்தான் சொல்வதில்லை. பிள்ளை சோர்ந்துவிடும் என்று பயப்படுகிறோம். மைதானத்தில் நான் கண்டது வேறு. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு வந்து நிற்கும்.

உயரம் தாண்டுதலில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. தொடர்ந்து மூன்று முறை தட்டினால் வெளியேற வேண்டும். கடைசியில் மிஞ்சுகிறவருக்குத்தான் முதலிடம். ஆனால் மிஞ்சியவரும் அதோடு நிற்க மாட்டார், கம்பை இன்னும் ஏற்றச் சொல்வார். அதையும் தட்டுவார். அவராகப் போதும் என்று நிறுத்தினால் ஒழிய, முதலிடம் வந்தவருக்கும் கடைசித் தாவல் தோல்விதான். கம்பு நான்கு மீட்டர் நீளம், எடை இரண்டு கிலோவுக்குள். இரண்டு பக்கமும் நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள சின்னத் தாங்கியில் சும்மா உட்கார்ந்திருக்கும், கட்டி வைப்பது கிடையாது. உடம்பு பட்டு ஆடலாம், விழாமல் நின்றுவிட்டால் தாண்டியதாகத்தான் கணக்கு. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். தட்டுவது இந்த விளையாட்டின் ஒரு பகுதி என்று முதல் நாளே தெரிந்துவிட்டால் அவமானம் பாதி குறைந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. “உழை, உழை” என்கிறோமே, உழைப்பது என்றால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக, இன்னும் நிறைய நேரம் செய்வது என்றுதான் நினைக்கிறார்கள். என்னிடம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். குறுவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். ஒரே உயரத்தில் திரும்பத் திரும்பத் தட்டினாள். தட்டத் தட்ட வேகத்தைக் கூட்டினாள், முகமெல்லாம் வியர்வை, கண்ணில் தண்ணீர். அவளை நிறுத்தி உட்காரவைத்து, “எங்கே படுதும்மா?” என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அவள் தோழியைக் கம்புக்குப் பக்கவாட்டில் நிற்கவைத்தேன். மறுபடி தாண்டச் சொன்னேன். “சார், மேலே ஏறும்போதே தொடை இடிக்குது” என்றாள் தோழி. மூன்று பேரும் போய்த் தரையைப் பார்த்தோம். எம்பிய காலின் தடம் கம்புக்கு மிகவும் கிட்டத்தில் இருந்தது. ஓட ஓட அவளையும் அறியாமல் நெருங்கிவிடுகிறாள். ஓர் அடி தள்ளி அடையாளத்துக்கு அவள் செருப்பையே வைத்தோம். ஓடத் தொடங்கும் இடத்தையும் அதே அளவு பின்னால் தள்ளினோம். வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். தாண்டிவிட்டாள்.

அவள் அதுவரை உழைக்கவில்லையா? உழைத்தாள், ரொம்பவே உழைத்தாள். அதில் பார்த்துத் திருத்துகிற வேலை மட்டும் சேரவில்லை. கணக்கிலும் இதுதான். முப்பது கணக்கை ஒரே தப்போடு போடுகிற பிள்ளையிடம் இன்னும் முப்பது போடு என்று சொல்லிப் பயனில்லை. எந்த வரியில் வழி மாறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இப்போது, தாண்டியவர் விழுகிற மெத்தைக்கு வருகிறேன். என் மனதில் அதிகம் கிடப்பது இதுதான்.

அமெரிக்காவில் டிக் ஃபாஸ்பரி என்று ஒரு பள்ளி மாணவர். அந்தக் காலத்து முறையில் கம்புக்கு மேலே குப்புறப் படுத்தபடி உருண்டு தாண்டச் சொல்லிக் கொடுத்தார்கள். எவ்வளவு பழகியும் அவருக்கு அது வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் கம்புக்கு முதுகைக் காட்டி, தலை முதலில் போகும்படி தாண்டத் தொடங்கினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். இன்றைக்குப் பெரிய போட்டிகளில் கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான் தாண்டுகிறார்கள். முதுகை வில்லாக வளைத்துத் தாண்டும்போது உடம்பின் எடை மையம், அதாவது மொத்த எடையும் சமநிலை கொள்ளும் புள்ளி, கம்புக்குக் கீழேயே கடந்துவிட முடியும், உடம்பு மட்டும் மேலே போய்விடும். அதே பலத்துக்குக் கூடுதல் உயரம்.

ஆனால் அப்படித் தாண்டினால் விழுவது முதுகில், கழுத்துப் பக்கமாக. மணலிலும் மரத்தூளிலும் விழுந்துகொண்டிருந்த காலத்தில் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கனமான நுரை மெத்தை வந்த காலத்தில் பிறந்த முறை இது. ஃபாஸ்பரியின் மூளையும் உழைப்பும் எவ்வளவு முக்கியமோ, கம்புக்கு அந்தப் பக்கம் கிடந்த மெத்தையும் அவ்வளவு முக்கியம்.

நம் ஊர்ப் பள்ளிகளில் எத்தனை இடத்தில் அந்த மெத்தை இருக்கிறது? நான் வேலை பார்த்த இடங்களில் மணல் குழிதான். காலையில் மண்வெட்டியால் கிளறிவிட்டு, கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தாண்டவிடுவோம். மணலில் கத்தரிக்கோல் மாதிரிக் காலை மாற்றிப் போட்டுத் தாண்டுவதைத்தான் சொல்லித்தர முடியும். முதுகில் விழச் சொல்ல முடியாது, கழுத்து போய்விடும். அந்தப் பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்குப் போய் முதன்முறையாக மெத்தையைப் பார்ப்பார்கள். அழுத்திப் பார்ப்பார்கள், ஒரு தடவை விழுந்து பார்க்கட்டுமா சார் என்று கேட்பார்கள். பக்கத்தில், மெத்தையிலேயே பழகிய பிள்ளைகள் முதுகை வளைத்துத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு, மணலில் பழகிய பிள்ளையிடம், “பார்த்தியா, அவன் எவ்வளவு உழைச்சிருக்கான்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. இவனும் அதே அளவு வியர்வை சிந்தியவன்தான்.

இதனால்தான் அந்தப் பொன்மொழியைத் தனியாகச் சொல்ல நான் தயங்குகிறேன். உழைத்தால் எதையும் சாதிக்கலாம் என்று சொல்லி வளர்த்த பிள்ளை தோற்கும்போது என்ன முடிவுக்கு வரும்? நான் உழைக்கவில்லை, நான் சோம்பேறி என்ற முடிவுக்குத்தான் வரும். காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு, வெறும் வயிற்றோடு ஓடி வருகிற பெண் தன்னைத்தானே சோம்பேறி என்று நினைத்துக்கொள்வாள். எவ்வளவு பெரிய அநியாயம் இது!

இது நம் முன்னோடிகளுக்குப் புரிந்திருந்தது. 1956-ல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சாப்பாடும் வந்தது. வயிறு நிறைந்த பிள்ளையிடம்தான் உட்கார்ந்து படி என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. மைதானத்தில் நான் கேட்கும் மெத்தையும் அந்த வகைதான்.

வீட்டில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன் கண்ணுகளா. உழைக்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. உழைக்காமல் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாது. ஆனால் போன மாதம் நீங்கள் எவ்வளவு தாண்டினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். பக்கத்துப் பையனின் உயரத்தோடு வேண்டாம். தட்டினால் எங்கே தட்டியது என்று பாருங்கள், தெரியாவிட்டால் பார்க்கச் சொல்லி யாரையாவது கூப்பிடுங்கள். உதவி கேட்பதும் பயிற்சியில் ஒரு பகுதி. தூங்குங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். தோற்றுவிட்டால் அழுகை வந்தால் அழுதுவிட்டு, மறுநாள் மைதானத்துக்கு வாருங்கள்.

பெரியவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். கால அட்டவணையில் விளையாட்டுக்குப் போட்டிருக்கும் பீரியடில் பிள்ளைகள் உண்மையிலேயே மைதானத்தில் இருக்கிறார்களா, இல்லை கணக்கும் அறிவியலும் அதை எடுத்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். நடக்கச் சிரமப்படுகிற பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மணல் குழி இருக்கிறதா, அதில் கண்ணாடி கிடக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஊரில் வசதியுள்ளவர்கள், அந்தப் பள்ளியில் படித்து வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு நுரை மெத்தை வாங்கிப் போடலாம். வாங்கியதும் மழையில் நனையாமல் வைக்க ஒரு கொட்டகைக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்யுங்கள், தண்ணீர் ஏறினால் மெத்தை சீக்கிரம் வீணாகிவிடும். தாண்டச் சொல்லித்தர ஆள் இல்லையென்றால், ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம், கூப்பிடுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.