மைதானத்தை எந்த நாளில் பார்த்தீர்கள்?

அவையோருக்கு வணக்கம்.

நம் மலை நகரங்களில் நகராட்சியின் பொழுதுபோக்கு நிலத்தை அதன் இன்றைய பயன்பாட்டுக்கு ஏற்ப வகை மாற்றலாம் என்ற யோசனை, கேட்க நியாயமாகவே இருக்கிறது. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) விளையாட்டிடம் என்று இருக்கும். நேரில் போனால் ஒரு மூலையில் குடிநீர்த் தொட்டியும் அங்கன்வாடியும் நிற்கும். அவற்றை இடிக்கச் சொல்ல நான் வரவில்லை. அந்த இடத்தை மட்டும் அளந்து வரைபடத்தைத் திருத்திக்கொள்ளட்டும்.

ஆனால் மீதி மைதானத்தை வாகன நிறுத்தம் என்று எழுதும்போதுதான் எனக்குக் கேள்வி வருகிறது. அந்த 'இன்றைய பயன்பாட்டை' எந்த நாளில் போய்ப் பார்த்தார்கள்? மே மாதச் சனிக்கிழமை நண்பகலில், ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும், காலியாகக் கிடைக்கும் சமதரையில் எல்லாம் வேன் நிற்கும். அதே இடத்துக்கு ஆகஸ்டு மாதச் செவ்வாய்க்கிழமை மாலையில் போங்கள். சாரலில் நனைந்தபடி பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். சீசன் இரண்டு மாதம்; பையன்கள் ஆண்டு முழுவதும் இங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த வேன்களும் குறைய வேண்டியவைதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் இரண்டு மலைக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. ஒரு பக்கம் வாகனத்தைக் குறைத்துக்கொண்டு, மறுபக்கம் அதற்காக மைதானத்தை நிரந்தரமாக எழுதிக் கொடுப்பது என்ன கணக்கு?

'மாற்று இடம் தருகிறோம்' என்பார்கள். சமவெளியில் அது நடக்கும். இங்கே ஒரு மைதானம் வேண்டுமென்றால் சரிவை வெட்ட வேண்டும். வெட்டிய சரிவு மழையில் என்ன செய்யும் என்பதற்கு 2009 நவம்பர் போதும். நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

நிலத்தின் பயன்பாட்டை மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. 1820களில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஊட்டி ஏரி இன்றுள்ளதைவிடப் பெரியது. அதன் ஒரு பகுதி பந்தயத் திடலாகவும் பஸ் நிலையமாகவும் ஆனது. இன்று கனமழை பெய்தால் ஏரிக்கு வரும் கோடப்பமந்து கால்வாய் பொங்கி, ரயில் நிலையப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது. வகை மாற்றிய அரசாணையைத் தண்ணீருக்கு யார் படித்துக் காட்டுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயன்பாடு தானாக மாறுவதில்லை. உடைந்த வேலியைச் சரிசெய்ய மாட்டார்கள். கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டினால் கேட்க மாட்டார்கள். பிறகு, யாரும் விளையாடுவதில்லை என்று கோப்பில் குறிப்பு எழுதுவார்கள். கவனிக்காமல் விட்டவரே அதைக் காரணமாகக் காட்டுவதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளிகளைக் காக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் நில உபயோக மாற்ற அறிவிப்பு வரும். அதில் குறித்த நாளுக்குள் ஆட்சேபணை போய்ச் சேர வேண்டும். 'எதிர்க்கிறோம்' என்று ஒற்றை வரி போதாது. சர்வே எண், பரப்பு, மாதவாரியாகத் தேதியோடு எடுத்த படங்கள், அங்கே பிள்ளைகளை அழைத்துவரும் உடற்கல்வி ஆசிரியரின் கடிதம், எல்லாம் சேர்த்துக் கொடுங்கள்.

கூடவே இன்னொரு மனுவும் போடுவோம். குடியிருப்பு என்றோ பொது உபயோகம் என்றோ வரைபடம் சொல்லும் நகராட்சி நிலம் சிலவற்றில் பிள்ளைகள் பல காலமாக விளையாடுகிறார்கள். பயன்பாட்டுக்கு ஏற்ப வகை மாற்றுவதுதான் கொள்கை என்றால், முதலில் அவற்றை விளையாட்டிடமாக மாற்றட்டும். அப்படிப்பட்ட இடங்களின் பட்டியலை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம். விடுபட்டதை எழுதிவிட்டுப் போங்கள்.