பூட்டிய கோவிலைத் திறந்துவிடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி உறவுகளே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் அம்மாமாரே, வணக்கம்.

பூசை நின்றுபோன பழைய கத்தோலிக்கப் பங்குக் கோவிலைப் பூட்டியே வைப்பதா, ஊர்ப் பயனுக்குத் திறப்பதா? இதுதான் கேள்வி. திறக்கவேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்பு பேசிய தம்பி, "பீடம் இருக்கிற இடத்தில் செருப்போடு நடப்பதா?" என்று கேட்டபோது எனக்கும் நெஞ்சு அடைத்தது. நானும் அந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவள்தான்.

போன மாதம் மூப்பர் ஐயா வீட்டில் ஆணியில் தொங்கும் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் வௌவால் எச்சத்தின் நாற்றம். சுரூபங்களும் மணியும் எப்போதோ புதிய கோவிலுக்குப் போய்விட்டன. வாசல் தீர்த்தத் தொட்டியில் காய்ந்த சருகு. மேற்குச் சுவர் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று, என் இடுப்பளவு உயரம். இன்னும் சில மாரி போனால் அந்த வேர் சுவரைப் பிளந்துவிடும். தம்பி, இதையா பாதுகாப்பு என்கிறீர்கள்?

சரி, திருச்சபை என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், 1222ஆம் பிரிவு: வழிபாட்டுக்கு உதவாது, திருத்தவும் வழியில்லை என்றால் அந்தக் கோவிலை வேறு பயனுக்கு விட ஆயருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது இழிவான பயனாக இருக்கக்கூடாது. சாராயக் கடைக்கு இடமில்லை, வாசிகசாலைக்குத் தாராளமாக இடமுண்டு. பீடத்தைப் பற்றி 1238ஆம் பிரிவு பேசுகிறது. கோவில் வேறு பயனுக்குப் போனாலும் பீடத்தின் அர்ச்சிப்பு போகாது. அதனால் பீடத்தை முதலில் மரியாதையாகப் புதிய கோவிலுக்குக் கொண்டுபோவோம். அப்புறம் யாருடைய செருப்பு அதில் படப்போகிறது?

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். போர்த்துக்கேயர் காலத்து வட்டுக்கோட்டைப் பங்குக் கோவில் அவர்களுடைய சபைக் கோவிலானது. அந்தப் பறிப்பை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் மடுக் காட்டுக்குள் ஓடியதும் அந்தக் கொடுமையால்தான். பிறகு ஒல்லாந்தர் போனார்கள், கோவில் கூரையில்லாமல் கிடந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் அதைத் திருத்தி எடுத்தார்கள். 1823இல் அங்கேதான் வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக்கூடம் தொடங்கியது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபை யாழ். ஆதீனத்தின் பேராலயம். ஆட்கள் புழங்கியதால் நிற்கிறது. ஆட்கள் விட்டுப்போன சங்கானைக் கோவிலில் மிஞ்சியது இடிந்த சுவர்கள்தான்.

கோவில் பூசைக்கு மட்டும்தான் என்று வன்னியில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? போரில் இடம்பெயர்ந்த சனம் மடு மாதா கோவில் வளவில்தான் அடுப்பு மூட்டியது, பிள்ளைகளைப் படுக்க வைத்தது. 1999 நவம்பர் 20ஆம் திகதி அங்கே ஷெல் விழுந்து செத்தவர்கள் கோவிலை நம்பித் தஞ்சம் வந்தவர்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. பின்னேர வகுப்புக்கு நாலு வாங்கு, புத்தக அலுமாரி, இரண்டு மின்விளக்கு. தீர்த்தத் தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இது என்ன கோவில், யார் கட்டினது, ஏன் பூசை நின்றது என்று வாசல் சுவரில் எழுதிவைப்போம்.

நடுவர் அவர்களே, மூப்பர் ஐயா இந்தச் சபையில்தான் இருக்கிறார். மாரிக்கு முன் அந்த ஆலங்கன்றை வெட்டவேண்டும், சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.