டிசம்பர் 28: கண்ண மூடி எறிஞ்ச பந்தா, கண்ணால பேசி எறிஞ்ச பந்தா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வந்திருக்கற பெரியவங்களே, தம்பி தங்கச்சிங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

லேட்டா வந்தவங்களுக்காக தலைப்ப ஒருதடவ சொல்லிடறேன். என்எஃப்எல்னு சொல்ற அமெரிக்க ஃபுட்பால் லீக்ல டிசம்பர் 28ங்கற தேதிக்கு பேர் வாங்கிக் குடுத்தது எது? 1958ல பால்டிமோர் கோல்ட்ஸ் நியூயார்க் ஜயன்ட்ஸ ஓவர்டைம்ல ஜெயிச்ச ஃபைனலா, இல்ல 1975ல டல்லஸ் கவ்பாய்ஸுக்காக ரோஜர் ஸ்டாபாக் எறிஞ்ச ஹெய்ல் மேரி பாஸா? நான் 1958 பக்கம் நிக்கறேன், கடைசி வரைக்கும் அங்கயேதான் நிப்பேன்.

இந்த தேதிக்கு வேற சொந்தக்காரங்களும் இருக்காங்க. 1947 டிசம்பர் 28ல சிகாகோ கார்டினல்ஸ், உறைஞ்சு கல்லா கெடந்த மைதானத்துல ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ 28-21ன்னு ஜெயிச்சு சாம்பியன் ஆனாங்க, அந்த டீம் அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு பட்டம் ஜெயிக்கல. 1952ல இதே தேதியில டெட்ராய்ட் லயன்ஸ் கிளீவ்லாந்துல போய் 17-7ன்னு ஜெயிச்சு சாம்பியன், அதே லயன்ஸ் 2008ல இதே தேதியில கிரீன் பே கிட்ட 31-21ன்னு தோத்து அந்த சீசன்ல 16 மேட்சும் தோத்த டீம்னு பேர் வாங்கினாங்க. ஒரே தேதி, ஒரே டீம், உச்சியும் அதுதான் பாதாளமும் அதுதான். அத இன்னொரு நாள் தனியா பேசணும், இப்ப நம்ம வழக்குக்கு வரேன்.

எதிரணில பேசின தம்பி 1975 மேட்ச ரொம்ப அழகா சொன்னாரு, அத நான் மறுக்கல. மினசோட்டா வைக்கிங்ஸ் 14, டல்லஸ் 10. ஆட்டம் முடிய அர நிமிஷம் கூட இல்ல. ஸ்டாபாக் 50 யார்டு தூரத்துக்கு தூக்கி எறியறாரு, டல்லஸோட ட்ரூ பியர்சன் திரும்பி வந்து இடுப்பு கிட்ட பந்த அமுக்கி புடிச்சு டச்டவுன், அதாவது எதிராளியோட கடைசி கோட்டுக்கு உள்ள பந்த சேத்துட்டாரு, டல்லஸ் 17-14. மேட்சுக்கு அப்புறம் ஸ்டாபாக் என்ன சொன்னாரு? கண்ண மூடிட்டு ஒரு ஹெய்ல் மேரி சொன்னேன்னு சொன்னாரு. கத்தோலிக்கர் அவரு, மாதா ஜெபம் அது. "அந்த ஒரு வார்த்த அதுக்கப்புறம் ஃபுட்பால தாண்டி போயி, ஆபீஸ்லயும் அரசியல்லயும் கடைசி நேர முயற்சிக்கெல்லாம் பேராயிடுச்சே, ஒரு மொழிக்கே வார்த்த குடுத்த தருணத்துக்கு மேல வேற என்ன வேணும்"னு தம்பி கேட்டாரு.

நியாயமான கேள்வி. ஆனா தம்பி, அந்த வார்த்தைய நீங்களே உத்து பாருங்க. கண்ண மூடிட்டேன்னு எறிஞ்சவரே சொல்றாரு. மனசார நம்பி எறிஞ்சாரு, அந்த நம்பிக்கைய நான் கையெடுத்து கும்புடறேன். ஆனா பியர்சன தடுக்க கூட ஓடின மினசோட்டாவோட நேட் ரைட் கீழ விழுந்தாரு, தள்ளி விட்டாங்கன்னு மினசோட்டாகாரங்க இன்னிக்கும் சொல்றாங்க, இல்லன்னு டல்லஸ்காரங்க சொல்றாங்க. பந்தும் குறி தவறி கொஞ்சம் முன்னாடியே எறங்குச்சு, அதனாலதான் இடுப்புல சிக்குச்சு. அவ்ளோ பெரிய வீரருக்கு கூட அந்த நேரத்துல நடந்தது குருட்டுப் பூன விட்டத்துல பாஞ்ச கதைதான்.

அந்த நாளோட மிச்சத்தையும் சொல்லணும், தம்பி அத விட்டுட்டாரு. கூட்டத்துல இருந்து எவனோ வீசின விஸ்கி பாட்டில் ஒரு நடுவரோட நெத்தியில பட்டு ரத்தம் கொட்டுச்சு. மினசோட்டாவுக்காக பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தற குவார்ட்டர்பேக் ஃபிரான் டார்கென்டனோட அப்பா, அந்த மேட்ச டிவில பாத்துட்டு இருக்கும்போதே மாரடைப்புல இறந்துட்டாரு, மகனுக்கு மேட்ச் முடிஞ்சப்புறம்தான் தெரியும். எனக்கு ஹெய்ல் மேரின்னு சொன்னாலே முதல்ல அந்த மகன்தான் ஞாபகம் வராரு.

இப்ப 1958க்கு வாங்க. நியூயார்க், யாங்கி ஸ்டேடியம், ஞாயித்துக்கிழமை, 64,185 பேரு. நாலு சான்ஸுக்குள்ள பத்து யார்டு நகத்தணும், முடியலன்னா பந்து எதிராளிக்கு, இவ்ளோதான் இந்த ஆட்டத்தோட அடிப்படை, இது மட்டும் தெரிஞ்சா நான் சொல்றது புரியும்.

எதிரணி அக்கா, அது ஒண்ணும் அவ்ளோ நல்ல மேட்ச் இல்லன்னு சொன்னாங்க. ஜயன்ட்ஸோட ஃபிராங்க் கிஃபோர்ட் ரெண்டு தடவ பந்த நழுவ விட்டாரு, ரெண்டும் கோல்ட்ஸுக்கு டச்டவுனா மாறுச்சு, அப்புறம் கோல்ட்ஸ் கோல் கோட்டுகிட்ட போயும் உள்ள போக முடியாம திரும்பினாங்கன்னு சொன்னாங்க. எல்லாமே உண்மதாங்க்கா. நான் அந்த மேட்ச்ல தப்பே இல்லன்னு சொல்ல வரல. கடைசி ரெண்டு நிமிஷத்தையும் அதுக்கப்புறம் வந்த எட்டு நிமிஷத்தையும் பத்திதான் சொல்ல வரேன்.

ஜயன்ட்ஸ் 17, கோல்ட்ஸ் 14. ஜயன்ட்ஸ் கையில பந்து, கொஞ்ச தூரம் நகத்திட்டா கத முடிஞ்சுது. கிஃபோர்ட் ஓடறாரு, கோல்ட்ஸோட ஜீனோ மார்கெட்டி புடிச்சு சாய்க்கறாரு, அந்த நேரத்துல சொந்த டீம்காரர் பிக் டாடி லிப்ஸ்கோம், மலை மாதிரி ஆளு, மேல வந்து விழ மார்கெட்டிக்கு கணுக்கால் முறிஞ்சுது. அளந்து பாத்தா கிஃபோர்ட் சில அங்குலம் கம்மி, ஜயன்ட்ஸ் பந்த தூரமா ஒதச்சு கோல்ட்ஸுக்கு குடுக்க வேண்டியதாயிடுச்சு. நான் தாண்டிட்டேன்னு சாகற வரைக்கும் கிஃபோர்ட் சொல்லிட்டே இருந்தாரு. மார்கெட்டிய ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு போறாங்க, அவரு உள்ள கொண்டு போகாதீங்க, இங்கயே வைங்கன்னு சொல்லி கோட்டோரத்துல படுத்துட்டு பாக்கறாரு. கால் ஒடிஞ்ச மனுஷன் ஆஸ்பத்திரி வேணாம், ஆட்டத்த பாக்கணும்னு கெடக்கறாரு, அவரு காப்பாத்தி குடுத்த பந்துல என்ன நடக்குதுன்னு.

பந்து கோல்ட்ஸோட 14 யார்டு கோட்டுல, எதிர்ல 86 யார்டு, ரெண்டு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி. குவார்ட்டர்பேக் யாரு? ஜானி யுனைடஸ். 1955ல புது வீரர்கள டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்கற டிராஃப்ட்ல பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஒன்பதாவது ரவுண்டுல எடுத்து, சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே வேணாம்னு அனுப்பிட்டாங்க. கட்டட வேலைக்கு போனாரு, வேல முடிஞ்சப்புறம் ஊர் டீம்ல மேட்சுக்கு ஆறு டாலர் வாங்கிட்டு ஆடினாரு. பந்த புடிக்கறவரு ரேமண்ட் பெர்ரி, 20வது ரவுண்டுல எடுத்த ஆளு, காண்டாக்ட் லென்ஸ் போட்டுட்டுதான் ஆடுவாரு. இந்த ரெண்டு பேரும் பிராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் குளிச்சு கெளம்பினப்புறம் மைதானத்துலயே நின்னு, இவரு எறிய அவரு புடிக்க, திரும்ப இவரு எறிய அவரு புடிக்க, இப்படியே வருஷக்கணக்கா.

அப்படி இருக்கறப்ப எப்பவோ ஒருதடவ ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தாங்க. எதிர் டீம்ல தடுக்கற லைன்பேக்கர் ஒருத்தன் வழக்கமான இடத்த விட்டுட்டு நேரா வந்து உன் மூஞ்சிக்கு முன்னாடி நின்னா என்ன பண்றதுன்னு. பேசினதோட சரி, அதுக்கு தேவையே வரல. அன்னிக்கு அந்த கடைசி ரெண்டு நிமிஷத்துல, ஜயன்ட்ஸோட ஹார்லண்ட் ஸ்வேர் சரியா அங்க வந்து நிக்கறாரு. போட்டிருந்த பிளே, அதாவது அந்த சான்ஸுக்கான திட்டம் வேற. இப்ப அந்த பிளே ஓடாது. 64,000 பேரு கத்தறாங்க, வாய விட்டு சொன்னா கேக்காது, கேட்டாலும் எதிராளிக்கும் சேந்து கேக்கும். பெர்ரி திரும்பி யுனைடஸ பாக்கறாரு. யுனைடஸ் பெர்ரிய பாக்கறாரு. அவ்ளோதான் நடுவர் அவர்களே, ஒரு பார்வ! பெர்ரி வெளிப்பக்கம் போற மாதிரி ஒரு அடி வெச்சு ஸ்வேர ஏமாத்திட்டு உள்பக்கம் வெட்டறாரு, அவரு வந்து சேர்ற இடத்துக்கு பந்து ஏற்கனவே வந்துட்டு இருக்கு. 25 யார்டு. அடுத்ததும் பெர்ரி, 15. அடுத்ததும் பெர்ரி, 22. மூணே பாஸ்ல 62 யார்டு, தடுக்கறவங்களுக்கு எங்க வரப்போகுதுன்னு தெரிஞ்சும் தடுக்க முடியல. ஏழு செகண்ட் பாக்கி இருக்கறப்ப கோல்ட்ஸோட ஸ்டீவ் மைரா பந்த கோல் கம்பத்துக்குள்ள ஒதச்சு மூணு பாயிண்ட், 17-17.

தம்பி சொன்ன பந்து கண்ண மூடி எறிஞ்சது. இது கண்ணால பேசி எறிஞ்சது. எனக்கு இந்த வழக்குல இத விட பெரிய சாட்சி தேவையில்ல.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, களத்துல இருந்த நெறைய வீரர்களுக்கே அடுத்து என்னன்னு தெரியல, மேட்ச் டிராதான் போலன்னு நெனச்சாங்க, ஏன்னா என்எஃப்எல் ஃபைனல் ஒண்ணு ஓவர்டைமுக்கு போனது அதுதான் முதல் தடவ. யார் முதல்ல பாயிண்ட் எடுத்தாலும் அவங்களுக்கே பட்டம். டாஸ் ஜெயிச்ச ஜயன்ட்ஸால மூணு சான்ஸ்ல ஒண்ணும் முடியல, நாலாவதுல பந்த தூரமா ஒதச்சு கோல்ட்ஸுக்கு குடுத்துட்டாங்க. கோல்ட்ஸ் தன்னோட 20ல இருந்து தொடங்கறாங்க, எதிர்ல இன்னும் 80 யார்டு. அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும்னு சும்மாவா சொன்னாங்க, 13 பிளே! நடுவுல ஒரு இடத்துல மூணாவது சான்ஸ், 15 யார்டு வேணும், அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனைக்கறப்ப திரும்ப பெர்ரிக்கு 21 யார்டு. அடுத்து மறுபடியும் பாஸ்தான்னு நெனச்சு ஜயன்ட்ஸோட சாம் ஹஃப் பின்னாடி தள்ளி நிக்கறாரு, அத கவனிச்ச யுனைடஸ் அவரு காலி பண்ணின இடத்து வழியாவே ஆலன் அமீச்சிய ஓட விடறாரு, 23 யார்டு.

பந்து எட்டு யார்டு கோட்டுக்கு வந்த நேரத்துல, வெண்ண தெரண்டு வர்றப்ப தாழி ஒடஞ்ச மாதிரி, நாடு பூரா டிவில படம் போயிடுச்சு, கேபிள் கழண்டுடுச்சு. சுமார் நாலரை கோடி பேரு பாத்துட்டு இருந்ததா கணக்கு. அந்த நேரம் பாத்து ஒரு ஆளு மைதானத்துக்குள்ள ஓடி வர, அவர புடிச்சு வெளிய அனுப்பறதுக்குள்ள கேபிள மாட்டிட்டாங்க. திரும்ப படம் வந்தப்ப ஒரு பாஸ், பந்து ஒரு யார்டு கோட்டுக்கிட்ட. அடுத்தது அமீச்சி உள்ள. 23-17. ஓவர்டைம் தொடங்கி 8 நிமிஷம் 15 செகண்ட்.

"சரிங்க, நல்ல மேட்ச்தான், அதனால என்ன மாறுச்சு"ன்னு எதிரணி கேக்கும், கேக்கணும். ஹூஸ்டன்ல ஒரு ஹோட்டல் ரூம்ல இந்த மேட்ச டிவில பாத்துட்டு இருந்தாரு லாமர் ஹன்ட்னு டெக்சாஸ் எண்ணெய் பணக்கார வீட்டு பையன், 26 வயசு. பேஸ்பால் டீம் வாங்கலாமா ஃபுட்பால் டீம் வாங்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தவரு இத பாத்ததும் ஃபுட்பால்தான்னு முடிவு பண்ணிட்டாரு. என்எஃப்எல் எடம் குடுக்கலன்னதும் 1959ல தானே ஏஎஃப்எல்னு ஒரு போட்டி லீக் ஆரம்பிச்சு, 1960ல எட்டு டீமோட ஆட்டம் தொடங்குச்சு. அந்த ரெண்டு லீக்கும் மோதி, 1966ல சேர்றதா பேசி முடிச்சு, அதுல இருந்து பொறந்ததுதான் இன்னிக்கு உலகமே பாக்கற சூப்பர் பௌல்ங்கற ஃபைனல்.

இன்னும் ஒண்ணு இருக்கு, எதிரணி இத கொஞ்சம் கவனமா கேக்கணும். ஹன்ட் தன்னோட டீம டல்லஸ்ல ஆரம்பிச்சாரு. அவர எதிர்க்கறதுக்காக என்எஃப்எல் அவசர அவசரமா அதே ஊர்ல 1960ல ஒரு டீம் எறக்குச்சு. அதுதான் டல்லஸ் கவ்பாய்ஸ். ஏஎஃப்எல்ல சேர்றதா ஒத்துக்கிட்டு இருந்த மினசோட்டாகாரங்களயும் என்எஃப்எல் கடைசி நேரத்துல தன் பக்கம் இழுத்துக்கிச்சு. அதுதான் வைக்கிங்ஸ். 1975ல மோதினது யாரு? இந்த ரெண்டு பேருமேதான்! நீங்க கொண்டாடற மேட்சோட ரெண்டு டீமும் வந்த வழிய தேடி போனா, அது யாங்கி ஸ்டேடியத்து வாசல்ல போய் நிக்குது.

அதோட 1975ல டல்லஸ் பக்கம் தொப்பி போட்டுட்டு நின்ன கோச் டாம் லேண்ட்ரி, 1958ல எங்க இருந்தாரு தெரியுமா? ஜயன்ட்ஸோட டிஃபென்ஸ் கோச். யுனைடஸும் பெர்ரியும் ஒரு பார்வையில தாண்டி போனாங்களே, அந்த தடுப்ப கட்டினவரே அவருதான். ரெண்டு டிசம்பர் 28லயும் கோட்டோரத்துல நின்ன மனுஷன். ஒண்ணுல பறிகுடுத்தாரு, 17 வருஷம் கழிச்சு ஒண்ணுல வாங்கினாரு. அந்த 1975 டீம் கடைசில சூப்பர் பௌல்ல பிட்ஸ்பர்க்குகிட்ட 21-17ன்னு தோத்துச்சு. யுனைடஸ் கையில அன்னிக்கு பட்டம் இருந்துச்சு.

மணி அடிச்சுட்டாங்க, ஒரே ஒரு நிமிஷம் குடுங்க நடுவர் அவர்களே.

அமீச்சி தலைய குனிஞ்சு அந்த இடைவெளில பாயற படம் நீங்க பாத்திருப்பீங்க, முன்பக்கத்துல இருந்து எடுத்தது, பின்னாடி மங்கலா ஸ்டேடியம் விளக்கு. அத எடுத்தது பெரிய பத்திரிகைக்காரர் இல்ல, நீல் லைஃபர்னு ஒரு நியூயார்க் பையன். டிக்கெட் வாங்க காசு கெடையாது. சக்கர நாற்காலில வர்ற பழைய போர் வீரர்கள உள்ள தள்ளிட்டு போக ஆள் வேணும், அந்த வேலைய செஞ்சு உள்ள வந்து, குளிர்ல நின்ன போலீஸ்காரங்களுக்கு காப்பி வாங்கிக் குடுத்து கோட்டோரத்துல நிக்க எடம் புடிச்சான். பின்னாடி அமெரிக்காவோட பேர் பெத்த விளையாட்டு போட்டோகிராஃபர் ஆனவரு. அந்த படத்த எடுத்த டிசம்பர் 28 அவனோட 16வது பொறந்த நாள்.

தீர்ப்ப உங்ககிட்ட விட்டுட்டு உக்காரறேன். நன்றி, வணக்கம்.