ஹாம்லெட்டுக்குப் பைத்தியமா, வேஷமா?

[காட்சி: சுங்கை சிப்புட், மாலை நேரம். ஒட்டுக்கடை மேசையில் தே தாரே, பக்கத்தில் பழைய நாடகப் புத்தகம்.]

வணக்கம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டுக்கு நிஜமாகவே மூளை கலங்கிவிட்டதா, இல்லை எல்லாம் நடிப்பா? நானூறு வருஷமாக இந்தச் சண்டை ஓயவில்லை.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒருவன் திடீரென்று ஆட ஆரம்பித்தால், நம்ம பெருசுகள் கேட்பார்கள்: "வந்திருக்கிறது சாமியா, சம்சுவா?" சம்சு என்றால் மலிவான சாராயம். ஆட்டத்தைப் பார்த்து அவர்கள் முடிவுக்கு வருவதில்லை. கூட்டம் விலகினதும் ஆள் எப்படி இருக்கிறான் என்று ஓரக்கண்ணால் கவனிப்பார்கள். ஹாம்லெட்டையும் அப்படியே பார்ப்போம்.

கதை தெரியும்தானே? அப்பா செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சித்தப்பா கிளாடியஸ் அரசனாகி, அம்மாவையும் கட்டிக்கொண்டுவிட்டான். அப்பாவின் ஆவி வந்து, தூங்கும்போது காதில் விஷம் ஊற்றியவன் அவன்தான் என்கிறது. அந்த ஆவியை நண்பன் ஹொரேஷியோவும் காவலர்களும் பார்த்திருக்கிறார்கள், அதனால் அது பிரமை இல்லை. அன்றிரவே ஹாம்லெட் அவர்களிடம் சத்தியம் வாங்குகிறான்: இனி நான் கிறுக்கன் மாதிரி நடந்தாலும், உங்களுக்கு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது.

[காட்சி: புத்தகத்தின் பக்கங்கள், நெருக்கமாக.]

இப்போது பேச்சைக் கவனியுங்கள். அரசனின் ஆலோசகர் கிழவர் பொலோனியஸ் வந்து "என்ன படிக்கிறீர்கள்?" என்றால், "வார்த்தை, வார்த்தை, வார்த்தை" என்கிறான். அதெல்லாம் தாறுமாறான உரைநடை. கிழவர் போய், தனியாக நிற்கும்போது செய்யுள் வந்துவிடுகிறது. மனசு கொதிக்கிறது, ஆனால் ஒரு வரி பிசகவில்லை. சம்சு குடித்தவனுக்கு இது வராது.

சரி, நடிப்பு என்றே வைத்துக்கொள்வோம். எதற்காக நடிக்கிறான்? இங்கேதான் எனக்கு ருசி.

1200 வாக்கில் டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்சோ கிராமாட்டிகஸ் லத்தீனில் எழுதிவைத்த பழைய கதையில் இவன் பெயர் அம்லெத். அதில் சித்தப்பா அண்ணனைக் கொன்றது ஊருக்கே தெரியும். அடுத்து தன்னைத்தான் தீர்ப்பான் என்று பயந்து, பையன் மடையனாக வேஷம் போடுகிறான். உடம்பெல்லாம் அழுக்கு. அடுப்பங்கரையில் உட்கார்ந்து மரக்கொக்கிகளைச் செதுக்கி நெருப்பில் வாட்டிக்கொண்டிருக்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். பின்னால் ஒருநாள், குடித்துக் கிடந்தவர்கள் மேல் திரைச்சீலையைப் போட்டு, அதே கொக்கிகளால் மாட்டி, மண்டபத்துக்கே தீ வைத்துவிடுகிறான். அங்கே கிறுக்குத்தனம் உயிரைக் காக்கும் கவசம்.

ஷேக்ஸ்பியர் கொலையை ரகசியமாக்கிவிட்டார். அப்புறம் கவசம் எதற்கு? சும்மா இருந்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஒளிந்திருந்து கேட்ட கிளாடியஸே, இவன் பேச்சு கோணலாக இருந்தாலும் பைத்தியம் மாதிரி இல்லை என்று சொல்லிவிடுகிறான். 1765-இல் நாடகங்களைப் பதிப்பித்த சாமுவேல் ஜான்சனும், இந்த வேஷத்துக்குப் போதுமான காரணமே இல்லை என்று எழுதினார்.

எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. அரண்மனையில் வாய்விட்டுப் பேச அவனுக்கு வேறு வழியில்லை. கிறுக்கன் சொன்னால் யார் கோபித்துக்கொள்வார்கள்?

[காட்சி: திரைச்சீலை, அதன் பின்னால் ஒரு நிழல்.]

ஆனால் என் கட்சிக்கும் ஓட்டை உண்டு. அம்மாவின் அறையில் அரசன் என்று நினைத்து, திரைக்குப் பின்னால் இருந்த பொலோனியஸைக் குத்திக் கொல்கிறான். அங்கே ஆவி மறுபடி வருகிறது, அம்மா கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவளிடம் தெளிவாகச் சொல்கிறான்: எனக்குப் பைத்தியம் இல்லை, தந்திரம்தான்.

பிறகு கடைசிக் காட்சியில், செத்தவரின் மகன் லேயர்டிஸிடம் மன்னிப்புக் கேட்கும்போது என்ன சொல்கிறான்? "நான் செய்யவில்லை, என் பைத்தியம் செய்தது, அது எனக்கும் எதிரி." ஒன்று, அம்மாவிடம் சொன்னது பொய். இல்லை, இது பொய். நல்லவன் பொய்க்குப் பின்னால் ஒளியலாமா என்று ஜான்சனுக்கே இந்த இடம் பிடிக்கவில்லை. எனக்கும் இடிக்கிறது. வேஷம்தான் என்பேன், ஆனால் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன்.

லேயர்டிஸ் லேசுப்பட்டவனா? உன் அன்பை அன்பாகவே ஏற்கிறேன் என்கிறான். உடனே, ஹாம்லெட்டோடு வாள்போட்டிக்குக் கையில் எடுத்த வாள் கனமாக இருக்கிறது என்று சொல்லி, இன்னொன்றைப் பார்க்கிறான். ஹாம்லெட்டைக் கொல்ல விஷம் தடவிய வாளைக் கையில் எடுக்கத்தான் அந்தச் சாக்கு.

அடுத்த வீடியோவில் பொலோனியஸின் மகள் ஒஃபீலியா, அப்பா செத்த பிறகு மூளை கலங்கிப்போனவள். அவள் விஷயத்தில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை, நடிக்கப்போகிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை.